அலைக்கோட்டுக்கு மேலே

அப்பாவின் காதில் மணல் இருந்தது. ரென்ஸ்கே துணியின் நுனியைத் திரித்து உள்ளே விட்டுச் சுழற்றினாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"போதும் விடு," என்றாள் கேஸ்கே அத்தை. "பொறந்ததுலேர்ந்து சேத்து வச்சது. ஒரு நாள்ல போயிடுமா?"

அத்தை அண்ணனின் வலது கையைத் துடைத்து முடித்திருந்தாள். ரென்ஸ்கே இடது கையை எடுத்தாள். அப்பா இடதுகைக்காரர். கத்தி பிடிக்கும் விரலில் காய்ப்பு அப்படியே இருந்தது. அதை இரண்டு முறை துடைத்தாள்.

இரவெல்லாம் புயல். வடக்கே ஒரு சரக்குக் கப்பல் மேல்தளத்தில் ஏற்றியிருந்த மரங்களைக் கடலில் விட்டிருந்தது. விடிந்ததும் தீவில் பாதிப் பேர் ஒதுங்கிய மரம் எடுக்கக் கடற்கரையில் இருந்தார்கள். அப்பாவும் போனார். ஒரு பெரிய உத்தரத்தை இழுத்துக்கொண்டிருந்தவர் அதன் மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பார்த்தது பக்கத்து வீட்டுத் தம்மே. டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை கூடவே நின்றாராம். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ரென்ஸ்கே லேவார்டன் நகரத்திலிருந்து மதியக் கப்பலில் வந்து சேர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை யார் யாரு தூக்கறாங்க?" என்று கேட்டாள்.

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. வலது பக்கம் முன்னால மட்டும் பாக்கி."

அது வலது பக்கத்து வீட்டுக்காரரான தம்மேயின் இடம். தீவில் சவப்பெட்டியை அண்டை வீட்டார்தான் தூக்குவார்கள்.

"தம்மே மாமா வரலேன்னா?"

"காலியாத்தான் போகும். அடுத்தவன் அங்க தோள் குடுக்க மாட்டான்." அத்தை வாளியை எடுத்தாள். "கேக்கறதுன்னா நீதான் போய்க் கேக்கணும். பெத்த பிள்ளை கேக்கணும். நான் போனா பேசி அனுப்பிடுவான்."

அத்தை தண்ணீரைக் கொட்டப் போனாள். சமையலறைக் கதவு ஒரு கப்பல் அறையின் கதவு. இன்னும் அதில் பித்தளை எண் இருந்தது. மேசை ஒரு காலத்தில் கப்பல் சரக்கறையின் மூடியாக இருந்தது. கூரை உத்தரங்களின் நுனியில் எல்லாம் இரண்டு வெட்டுகள், இடது பக்கம் சாய்ந்து. அப்பாவின் குறி; இரண்டு வெட்டு தீவில் வேறு யாருக்கும் கிடையாது. கரையில் ஒதுங்கியதை அலை எட்டாத இடத்துக்கு இழுத்து, குறி வெட்டிவிட்டால் அது வெட்டியவனுடையது. வருஷக்கணக்கில் கிடந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். அந்த அலைக்கோட்டுக்குக் கீழே கிடப்பது யாருக்கு வேண்டுமானாலும்.

தம்மேயின் படகு விஷயத்தில் அப்படி ஒரு கோடு இருக்கவில்லை.

தம்மேயின் அப்பா விட்டுப்போன படகு அது. ஒரு நவம்பரில் கயிறு அறுந்து ஆளில்லாமல் கடலில் போனது. ரென்ஸ்கேயின் அப்பாதான் அந்த அலையில் போய் அதைப் பிடித்து இழுத்து வந்தார். காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது கடலின் சட்டம். அப்பா காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்டார். தம்மே பையிலிருந்தா கேட்கிறேன், கம்பெனியிடம்தானே என்றார். கேட்டதால் கம்பெனி ஆள் வந்தான். படகைத் தட்டிப் பார்த்தான். பழுது பார்க்கும் செலவு படகின் மதிப்பைத் தாண்டும் என்றான். தம்மேக்கு முழுத் தொகையும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டால் படகு கம்பெனியுடையது. ஏலத்தில் போனது. ஹார்லிங்கன் துறைமுகத்தில் ஒரு உணவகத்துக்காரன் அதை வாசலில் நிறுத்திப் பூச்செடி வைத்திருக்கிறான்.

விட்டிருந்தால் ஒரு குளிர்காலத்தில் தம்மே தானே சரிசெய்திருப்பார்.

ரென்ஸ்கேக்குச் சட்டம் தெரியும். அவளும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறாள். தீப்பிடித்த கடையின் துணி, நனைந்த காப்பிக்கொட்டை, நசுங்கிய கார் எல்லாவற்றையும் விலை பேசி விற்பது அவள் வேலை. அப்பா செய்ததில் ஒரு பிழையும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் பேசாமலே கிழவர்களானார்கள்.

தம்மேயின் கதவு திறந்தே இருந்தது. அவர் சமையலறையில் கிண்ணத்து வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்சட்டை முழங்கால்வரை ஈரம்.

"காப்பி இருக்கு," என்றார். "ஆறிப்போச்சு."

"பரவால்ல மாமா."

அவளே ஊற்றிக்கொண்டாள். தம்மே கைகளை வெளியே எடுத்துத் துடைத்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இன்னும் எரிஞ்ச சாமான்தான் வித்துட்டிருக்கியா?"

"நனைஞ்சதும் உண்டு."

"படகு?"

"படகெல்லாம் வேற பிரிவு மாமா."

"நல்லதாப் போச்சு." மேசையில் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "ஒண்ணு எடு. ஒண்ணுதான்."

எடுத்தாள். கடிக்கவில்லை.

"கஷ்டப்பட்டாரா?"

"நான் போறப்ப உக்காந்திருந்தான். கடலப் பாத்துகிட்டு. மூச்சு வாங்கறான்னு நெனச்சேன்." தம்மே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வயசுல அவ்வளவு பெரிய மரம். தனியா. திமிரு."

"உதவிக்கு ஆள் வேணாம்பாரு."

"கேட்டாத்தான."

மேலே ஓடு ஒன்று காற்றில் தட்டிக்கொண்டே இருந்தது.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, மாமா. வலது பக்கம், முன்னால."

தம்மே கோப்பையைத் திருப்பினார். பிடி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

"கனமான ஆளு அவன். பள்ளிக்கூடத்துலயே கனம்."

"ஆமா."

"என் முட்டியப் பாத்தியா? பத்தடி நடந்தா இழுக்குது."

"மெதுவாத்தான் நடப்பாங்க."

அவர் மறுபடியும் கைகளை வெந்நீரில் வைத்தார். அவள் காப்பியைக் குடித்து முடித்து எழுந்தாள்.

"கதவ இழுத்துச் சாத்திட்டுப் போ," என்றார். "காத்து வருது."

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மணல்மேட்டைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினாள். சிவப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா உட்கார்ந்த இடத்தை மதிய அலை கழுவிவிட்டிருந்தது. அங்கே எதுவும் இல்லை. மரமும் இல்லை. கோட்டுக்குக் கீழே பாதியில் நின்ற மரம். யாரோ கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோனவன் மேல் குற்றமில்லை.

அலைக்கோட்டில் பாசியும் நுரையும் ஒதுங்கிக் கிடந்தன. அந்த இடத்திலிருந்து ஈர மணலில் ஒரு ஆழமான பள்ளம் தொடங்கி மேட்டைப் பார்த்துப் போனது. அதன் ஓரமாகக் காலடிகள். ஒரே ஆளுடையவை. ஒரு கால் நன்றாகப் பதிந்திருந்தது. மறு கால் ஒவ்வொரு அடியிலும் மணலைக் கீறியிருந்தது. அங்கங்கே உட்கார்ந்து எழுந்த தடம்.

அவள் பள்ளத்தின் கூடவே ஏறினாள்.

பள்ளம் மேட்டின் அடியில், புல் தொடங்கும் இடத்தில் முடிந்தது. உத்தரம் அங்கே கிடந்தது. ரென்ஸ்கேயைப் போல் மூன்று ஆள் நீளம். உப்பு காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. நுனியில் இரண்டு வெட்டுகள். புதியவை. உள்ளே மரம் மஞ்சளாக இருந்தது. கீழே மணலில் சிராய் கிடந்தது.

குனிந்து பார்த்தாள். அப்பாவின் குறிதான், ஆனால் வெட்டுகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன; வலது கையால் வெட்டியவை.

கட்டைவிரலை ஒன்றில் வைத்தாள். பிசின் ஒட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கினாள்.

வீட்டு வாசலில் அத்தை குளிருக்குக் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்டி! என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"எனக்குத் தெரியும். அந்தப் பய சொல்ல மாட்டான். முறையில்லேன்னாலும் தேவாலயத்துல சொல்லி வேற யாரையாவது..."

"வேணாம் அத்தை."

"வேணாம்னா? காலியாவா கொண்டுபோறது?"

ரென்ஸ்கே காலணிகளைக் கழற்றிப் படியில் தட்டினாள். மணல் கொட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம், தம்மேயின் துணிக்கொடியில், சவ அடக்கத்துக்குப் போடும் ஒரு கறுப்புக் கோட்டு காற்றாடத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய மடிப்புகள் இன்னும் விடவில்லை. காற்று அதன் வலது கைக்குள் புகுந்து தூக்கித் தூக்கி விட்டது.