மூட்டைக் காய்ப்பு

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, தலைமாட்டில் அக்கா, முதியோர் இல்லத்திலிருந்து அவரை அழைத்துப்போக வந்த நர்ஸம்மா, இரவு வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாத நான். கீழே வண்டி ஓட்டுநர், அவர் ஹாரன் அடித்தே தானும் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டிருந்தார்... இந்த இரைச்சலில் எப்படித் துடைப்பது, ஆனால் துடைக்கத்தான் வேண்டும், பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலப்பக்கமும் பேச்சும் போனதிலிருந்து காலையில் உடம்பு துடைத்துவிடுவது என் வேலை, மற்றதெல்லாம் அக்காவின் வேலை, தன் வீட்டையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறாள், நாளை அலுவலகத்தில் சேராவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அத்தான் போனில் பேசுவதையே நிறுத்திவிட்டார், இந்த இல்லத்தில் இடம் வாங்க அவள் யார் யார் காலைப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் சட்டையைக் கழற்றி அவரை இடப்பக்கம் சாய்த்தேன். ஈரத்துணி கழுத்திலிருந்து இறங்கி வலது தோள்பட்டை மேட்டில் ஏறி அங்கேயே நின்றது.

அந்தத் தோள்பட்டை எலும்பை எனக்குத் தெரியும். முக்கோணம், உள்ளங்கை அகலம், வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் காகிதம் மாதிரி ஒளி கசியும், ஆனால் பின்புறம் குறுக்கே ஒரு முகடு ஓடும், வரப்பு போல, அதற்கு மேலே சின்னப் பள்ளம், கீழே பெரிய பள்ளம், இரண்டிலும் சதை நிரம்பியிருந்தால் முகடு அவ்வளவாகத் துருத்தாது... பிசியோதெரபி படித்துப் பாதியில் விட்டதில் மிச்சம் இதுதான். வாய்மொழித் தேர்வில் அதைக் கையில் கொடுத்து இது இடதா வலதா என்று கேட்டபோது முகடு முன்பக்கம் வரும்படி பிடித்துக் காட்டினேன், “தம்பி, இப்படி ஒருத்தன் பொறந்தா சோத்தை அள்ளி முதுகுக்குத்தான் ஊட்டணும்” என்றார் பேராசிரியர், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அப்பாவுக்கு இரண்டு பள்ளங்களும் வற்றிவிட்டன. முகடு மட்டும் தோலுக்கு அடியில் கம்பு வைத்துக் கட்டியதுபோல் நின்றது. அதன் மேல் கறுத்த தடிப்பு, அதுவும் பழக்கமானதுதான், கிடங்கில் மூட்டை சுமந்த காய்ப்பு, குனிந்த முதுகில் மூட்டையின் கனம் முழுக்க அந்த முகட்டில்தான் உட்காரும், சின்ன வயதில் உப்புமூட்டை ஏறினால் என் கன்னத்தில் சொரசொரவென்று உரசும்... அக்கா தினமும் அதற்கு எண்ணெய் தேய்த்தாள், கறுப்பு கூடுகிறதே என்று இருவருக்குமே தோன்றவில்லை, கறுப்பாக இருப்பதுதானே அதன் வழக்கம். விரலால் அழுத்தினேன். காய்ப்பு என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். இது சூடாக இருந்தது, கனிந்த பழம் மாதிரி அமுங்கியது. அப்பா மூச்சை இழுத்தார். படுக்கைப்புண்... உள்ளே ஆரம்பித்துவிட்டது, வெளியே மட்டும் தோல் மூடியிருக்கிறது, எதுவரை மூடியிருக்கும்?

“புண்ணு எதுவும் இல்லையே? இருந்தா சேத்துக்க மாட்டாங்க, அதைப் பாக்க எங்ககிட்ட ஆள் இல்ல” என்றபடி நர்ஸம்மா குனிந்தார். “இது என்னம்மா கறுப்பா?”

“அதுங்களா, மூட்டை தூக்கின காய்ப்பு. நாங்க பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தது. எங்களுக்கு மூத்த அண்ணன்னு வச்சுக்கோங்களேன்” என்றாள் அக்கா.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள், அவள் பல் தெரியச் சிரித்து எவ்வளவு நாளாகிறது, அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறாள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வண்டி கிளம்பிவிடும், இன்று அவள் தன் குழந்தைகளுக்கு நடுவில் படுப்பாள், அங்கே யாரும் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் புண் அந்த முகட்டைத் தொடும், இங்கே இருந்தால் மட்டும் யார் திருப்புவது, இரவெல்லாம் நான் வீட்டிலேயே இல்லையே... போகட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டே “அது காய்ப்பு இல்ல. உள்ள புண்ணு. தொட்டுப் பாருங்க, சுடுது” என்றேன். நர்ஸம்மா தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். “ஆறினதும் கூப்பிடுங்க” என்று அக்காவிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை, சற்று நேரத்தில் ஹாரன் சத்தமும் தெருவோடு போய்விட்டது.

“ஒரு பரீட்சை ஒழுங்கா எழுதினது கிடையாது, இப்ப மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு டாக்டர் மூளை? கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியலையா உன்னால?” அக்கா இன்னும் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து அந்த இடத்தில் புறங்கையை வைத்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. “நான் தினமும் இதைப் போட்டுத் தேய்ச்சேனேடா...” என்றாள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அதிகமாகும், அது எனக்குத் தெரியும், இதையாவது சொல்லாமல் இருந்தேன். அவள் முகம் கழுவினாள், கட்டி வைத்திருந்த பையைத் தூக்கினாள். “நான் கிளம்பறேன். என்னால வேலையை விட முடியாது. நீ பாத்துக்க.” பாத்துக்கறேன் என்றேன்.

அவள் பின்னால் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா மல்லாந்து கிடந்தார், இல்லத்துக்குப் போட்டுப்போக எடுத்துவைத்திருந்த சலவைச் சட்டையை இடது கையால் இழுத்து மார்பில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் பொத்தானைத் துளையில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், நழுவியது, மறுபடி பிடித்தார்... குளிருகிறதா? இல்லை, வண்டி வந்ததே, அதற்காகவா? போக வேண்டும் என்றா இருந்தார், இந்த இரண்டு பேரையும் விட்டு எங்கேயாவது போனால் போதும் என்று? இல்லத்தைப் பற்றி நாங்கள் இருவரும் எத்தனையோ பேசினோம், இந்தக் கட்டிலுக்கு மேலேயே குனிந்து நின்று பேசினோம், ஆம் என்றால் கையை அழுத்துங்கள் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டோமா... அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். படியில் அவள் செருப்புச் சத்தம் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி உள்பக்கம் தாழிட்டேன்.