சூப்பரா, சாதாவா?

1958இல் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை வாங்கினார் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் செல்வரத்தினம். துரை அதற்கு சூப்பர் பெற்றோல்தான் அடிப்பாராம். அன்றிலிருந்து இவரும் சாதா பெற்றோலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"சாதா அடிச்சா எஞ்சின் இருமும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், உள்ளுக்கை கிடக்கிறது எது எண்டு" என்று காண்பவரிடமெல்லாம் அளப்பார்.

ஒரு சனிக்கிழமை ஹட்டன் பெற்றோல் செட்டில் வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்த மனைவி கமலேஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப கண்ணை மூடுங்கோ பாப்பம். முனாப் எதையாவது அடிக்கட்டும். மலை ஏறி முடியமுன்னம் சொல்லோணும்."

கிளாக்கர் கண்களை இறுக்கி மூடினார். கமலேஸ்வரி இறங்கிப்போய் செட் முதலாளி முனாபின் காதில் ஏதோ சொன்னார். முனாப் குழாயைக் காரின் பெற்றோல் தாங்கிக்குள் விட்டார், சற்று நின்றார், எடுத்தார், மூடியை டப்பென்று அடைத்தார். சாரதி வீரய்யா உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

"ஆகா! சூப்பர்!" மேட்டில் ஏறும்போதே கிளாக்கர் கூவினார். "வழுக்கிக்கொண்டு போகுது!"

அடுத்த வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

"சாதாவை அடிச்சுப்போட்டான்!"

"ஒண்டுமே அடிக்கேல்லை" என்றார் கமலேஸ்வரி. "உள்ளுக்கை கிடக்கிறதே வீடு மட்டும் போகக் காணும் எண்டு வீரய்யாதான் சொன்னவன்."

கிளாக்கர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்ப உள்ளுக்கை இருந்தது போன கிழமை அடிச்ச சூப்பர்தானே! நான் சொன்னது சரி!"

வீரய்யா தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்கய்யா. போன வாரம் சூப்பர் பம்பு ரிப்பேருங்க. நீங்க தபால் கந்தோருக்குப் போயிருந்தீங்க. சாதாதாங்க அடிச்சேன்."

கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் கூடிக் காரைத் தள்ளித் திருப்பிவிட்டார்கள். எஞ்சின் சத்தமே இல்லாமல் அது ஹட்டனை நோக்கி உருண்டது. இலேசான காற்று வந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார் கமலேஸ்வரி, "இப்ப எந்தப் பெற்றோலிலை ஓடுது?"

கிளாக்கர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். ஆனால் அவருடைய தோள்கள் குலுங்குவதை வீரய்யா பார்த்துவிட்டான். அவனும் சிரித்தான்.

செட்டில் முனாப் ஓடிவந்தார். "ஐயா, எதை அடிக்க?"

"கையிலை அம்பிடுறதை அடியும்" என்றார் செல்வரத்தினம்.