வேனுக்கு ஓர் அடுப்பு

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. கைப்பேசியில் எதையோ தேடப்போய், வேனில் வாழ்பவர்கள் எந்த அடுப்பு வாங்கலாம், எந்த எரிபொருள் நல்லது என்று விளக்கும் ஒரு பக்கத்தில் போய் விழுந்தேன். பனி மூடிய மலை. பின்கதவு திறந்த வேன். கம்பளிச் சட்டை போட்ட ஓர் ஆணும் பெண்ணும் சின்ன அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எங்கோ ஒரு வீடு இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அதே வாரம் கிள்ளானில், மூடிக்கிடந்த ஒரு பேரங்காடியின் பின்புறம் பழைய வெள்ளை வேன் ஒன்றைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டு காய்ந்தது. ஜன்னல்களை உள்ளிருந்து புடவைத் துணி மறைத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கண்ணில் படவே இல்லை.

இரண்டையும் ஒட்டவைக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

கார்த்திகேசு வேனை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, “இனிமே இதுதான் நம்ம

(வேண்டாம். அவர் அதைச் சொல்கிற ஆள் இல்லை. அவர் அதைச் சொல்லாமலிருப்பதுதான் கதையே.)

இரண்டாவது தொடக்கம்:

சந்திரகலா அடுப்பு மூட்டி மூன்று மாதமாயிற்று.

இது இருக்கட்டும்.

கார்த்திகேசு அவள் கணவர். பல வருடங்களாக இதே வேனில் ஷா ஆலம் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கியவர். தொழிற்சாலை சொந்தமாகப் பேருந்து வாங்கியது. பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வாடகைக்கு இருந்த பிளாட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டபோது, “ஒரு வாரந்தான்” என்றார் கார்த்திகேசு. ஜொகூர் பாருவில் கல்யாணமாகி இருக்கும் மகள் மலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் போன் செய்யும்போது படம் தெரியாமல் குரலில் மட்டும் பேசுகிறார்கள். போன் பழசு, கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள்.*

* கேமரா கெடவில்லை. இப்படி ஒரு சின்னப் பொய்யை எழுதியதும்தான் எனக்கு இவர்கள் மீது நம்பிக்கை வந்தது.

3

மூன்று மாதமாகப் பொட்டலச் சோறு. சந்திரகலாவுக்கு வயிறு எரிந்தது.

“சின்னதா ஒரு அடுப்பு வாங்கலாங்க.”

“எதுக்கு? வீடுதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்ல.”

“பாருங்க. அதுவரைக்கும் நான் ஒரு ரசம் வச்சுக்கிறேன்.”

“வேன்ல அடுப்பு வச்சா என்னா அர்த்தம் கலா?”

“சோறு வேகும்னு அர்த்தம்.”

கார்த்திகேசு முன்சீட்டுக்குப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கேயும் போகவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தால், எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் வழியில் சற்று நிற்கிற மாதிரி இருக்கும். அடுப்பு வந்துவிட்டால் அது முடியாது. அவள் ஒரு பாத்திரத்தை வாங்கச் சொல்லவில்லை, தாங்கள் எங்கே வாழ்கிறோம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

4

அடுப்பு வாங்கும் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கைப்பேசிப் பக்கத்தில் மூன்று வகை அடுப்புகளையும் கவலையில்லாமல் ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். சந்திரகலாவும் ஒரு முறையாவது அப்படி நின்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று தோன்றியது.

கிள்ளானில் ஷபீரின் கடை. பாத்திரம், குடை, கூடாரம், எல்லாம் விற்கிறவர்.

“கேம்பிங் போறீங்களாக்கா? எத்தனை நாளு?”

“பார்ப்போம் தம்பி.”

“அப்படின்னா இதைப் பாருங்க. கரண்ட் அடுப்பு, கூடவே பேட்டரிப் பெட்டி. தீ இல்ல, புகை இல்ல. சார்ஜ் போட்டா போதும்லா.”

“சார்ஜ் எங்க போடறது?”

“வீட்லதான்க்கா, வேற எங்க?”

சந்திரகலா அந்தப் பெட்டியின் பிளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷபீர் காத்திருந்தார். பிறகு, அவருக்கு ஏதோ புரிந்ததோ என்னவோ, பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்தது ஸ்பிரிட் அடுப்பு. கைக்குள் அடங்கும். “வெளிச்சத்துல தீ கண்ணுக்குத் தெரியாது. கையை வச்சிராதீங்க” என்றார்.

“மூணு மாசம் கழிச்சு அடுப்பு மூட்டறேன். அதுவும் கண்ணுக்குத் தெரியலன்னா எப்படி?”

“அப்ப ஸ்டீம்போட் அடுப்புதான், மேசையில வச்சுச் சமைக்கிற சின்ன கேஸ் அடுப்பு. கேஸ் டின்னை உள்ள தள்ளுங்க, குமிழைத் திருகுங்க, முடிஞ்சது. டின் எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஒண்ணே ஒண்ணுக்கா. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள டின்னை விட்டுட்டுப் போயிராதீங்க. வெடிச்சிரும்.”

அவள் அதை வாங்கினாள். ஷபீர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆபத்துகளில் ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான்.

5

அதற்குப் பிறகு அவர்கள் அந்த ஒன்றுக்கே பயந்தார்கள். பகலில் வேனைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சந்திரகலா டின்னை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பகலைக் கழிக்கப் போகும் நூலகத்தின் குளிரில் அதை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியாச்சா?” என்றார் கார்த்திகேசு.

“அப்பன் தூக்க மாட்டேங்கிறான். அம்மாதான் தூக்கணும்.”

அவர் சிரித்துவிட்டார். வேனுக்கு வந்தபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை. (இதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். சிரிப்பு வந்தால் வாசகர் ஏமாந்துவிடுவார். ஆனால் அவர் சிரித்தார், நான் என்ன செய்ய.)

அடுப்பு மட்டும் இன்னும் பற்றவைக்கப்படவில்லை. காற்று என்பார். வேன் நிற்கும் அந்த மூடிய பேரங்காடிக்குக் காவலிருக்கும் ஜாகா பார்த்தால் விரட்டிவிடுவான் என்பார். கடைசியில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“புது அடுப்பு. முதல்ல பால்தான் பொங்கணும்.”

“பால் காய்ச்சறது புது வீட்டுக்கு.”

“ஆமா.”

“பெத்த மகளுக்குச் சொல்லாமலா பால் காய்ச்சுவே?”

“நான் சொல்ல வேணாம்னு சொல்லலையே. சொல்லுங்க.”

இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பேசாமலிருப்பவரைப் பற்றி நான் மட்டும் ஏன் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?

6

வெள்ளிக்கிழமை காலை. நல்ல மழை. கார்த்திகேசு நனைந்துகொண்டே கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட்டோடு வந்தார். அதை அவள் கையில் கொடுத்தார். சாரல் உள்ளே அடித்தது. ஜாகா வேறு அந்தப் பக்கம் குடையோடு நடந்துகொண்டிருந்தான். அவரே கதவை இழுத்துச் சாத்தினார்.

சந்திரகலா மெத்தையைச் சுருட்டி இடம் செய்தாள். டின்னைத் தள்ளி, குமிழைத் திருகினாள். நீலத் தீ வட்டமாக வந்தது. சின்னச் சட்டியில் பாலை விளிம்புவரை ஊற்றினாள். இருவரும் மண்டியிட்டு, பால் எந்தப் பக்கம் பொங்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரை ஏறியது. கிழக்கே சாய்ந்து, சட்டியைத் தாண்டி, அடுப்பெல்லாம் வழிந்தது.

“பொங்கிருச்சுங்க” என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். கார்த்திகேசு அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

“மலருக்குப் போன் போடு கலா. படத்தோடயே பேசுவோம். இதுதான் வீடுன்னு நானே சொல்றேன்.”

அவள் அவர் முகத்தைத் துடைத்தாள். அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சூடம் காட்டிட்டுக் கூப்பிடலாம்” என்று, பார்க்காமலேயே, பின்னால் கைநீட்டித் தீப்பெட்டியைத் துழாவி எடுத்தாள்.

7

இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது.

வழிந்த பால் தீயை அணைத்துவிட்டது. குமிழ் திறந்தே இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனமானது. அது தரையில், அவர்கள் முழங்காலைச் சுற்றித் தேங்குகிறது. அதன் சத்தத்தைக் கூரையில் விழும் மழை மறைக்கிறது, வாடையைத் தீய்ந்த பால் மறைக்கிறது. இவ்வளவும் என் ஏற்பாடு இல்லை. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு, ஒன்று: நாளிதழில் மூன்று வரி. “வேனில் தீ, தம்பதி” என்று தொடங்கும். அதை என்னால் சுலபமாக எழுத முடியும், அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

முடிவு, இரண்டு: ஜாகா கதவைத் தட்டுகிறான். நல்லவன். ஆனால் மூன்று மாதமாக யாரும் தட்டாத கதவை இந்த நொடியில் தட்டவைத்தால் நீங்கள் என்னை நம்புவீர்களா?

முடிவு, மூன்று: கார்த்திகேசு கைநீட்டிக் குமிழை மூடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்த அடுப்பின் குமிழையும் தொட்டதில்லை. தொடுவதாக எழுதினேன். அந்தக் கை அவருடையதாக இல்லை.

மிஞ்சுவது ஒரு வழிதான். சந்திரகலா அடுப்பைப் பார்த்தால் போதும். வாழ்நாளெல்லாம் அடுப்பைப் பார்த்தவள், பார்த்த கணத்தில் மூடிவிடுவாள். அவள் பார்க்காததற்குக் காரணம் அவர் அழுததுதான். அந்த அழுகையை நான் எடுத்துவிட்டால் அவள் பிழைப்பாள், அவரும் பிழைப்பார். அவர் எதையும் ஒப்புக்கொள்ளாமல் முன்சீட்டுக்குப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். மலர் தன் பெற்றோர் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பாள். சந்திரகலா ரசம் வைப்பாள், தனியாக.

அந்த அழுகைக்காகத்தான் ஐந்து பகுதிகள் எழுதினேன். அதை அடிக்க மூன்று முறை பேனாவை வைத்தேன்.

சந்திரகலாவின் பெருவிரல் தீப்பெட்டியைத் தள்ளித் திறந்துவிட்டது. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும், கார்த்திகேசு அழட்டுமா, வேண்டாமா. அவசரமில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் யோசிக்கும் நேரமெல்லாம் கேஸ் வந்துகொண்டிருக்கிறது.