இருநூற்று நாற்பது பேர்

என் வீட்டுக்காரரை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்பு என்னவோ லிப்ட் ரிப்பேர்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதில் அவருக்கு ஒரு தனி சுகம். கல்யாணமான புதிதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குச் சர்க்கரை. வேலையோ ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், நாள் முழுக்க நின்றபடி. பாதம் மரத்துப்போய், கீழே கிடப்பது ஈரத்துணியா சிமெண்டுத் தரையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மாதாமாதம் சர்க்கரை கிளினிக்குக்குப் போவேன். ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள், அனுப்பிவிடுவார்கள். ஷூவைக் கழற்றுங்கள் என்று ஒருத்தர் சொன்னதில்லை.

அங்கே இருந்த நர்ஸுக்குத்தான் அந்த யோசனை வந்தது. நோயாளிகள் தங்கள் கால்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளப் பழக்குவது, வாரம் ஒரு முறை போன் போட்டு விசாரிப்பது. அதற்கு ஒரு குழு போட்டார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும் என்றதும் நம் வக்கீல் கையைத் தூக்கிவிட்டார்.

முதல் கூட்டம் முடிந்து வந்த அன்று சாப்பிடக்கூட உட்காராமல், நின்றபடியே கதை சொன்னார்.

"அந்த நர்ஸம்மா சொல்றா, முதல் வாரம் அஞ்சு பேர் போதுமாம். அஞ்சு பேர்கிட்ட செஞ்சு பார்த்து, எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, சரி பண்ணிட்டு, அடுத்த வாரம் இன்னும் அஞ்சு பேராம். நான் விடுவேனா? அஞ்சு பேர்ல என் வீட்டுக்காரி எங்க வருவான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"என்கிட்டயே என் தொழிலை வெச்சு மடக்கப் பாக்குறா. லிப்டை ரிப்பேர் பண்ணா கட்டடத்துல இருக்கற அத்தனை பேரையும் ஏத்தியா பாக்குறீங்க, ரெண்டு பேரை வெச்சு ஓட்டிப் பாக்கறதில்லையான்னு கேட்டா."

"சரியாத்தானே கேட்டிருக்காங்க."

"என்ன சரி? ரெண்டு பேர் மேல போனதும் அடுத்து நம்மளை ஏத்துவாங்கன்னு என்ன நிச்சயம்? எடுத்தா எல்லாரையும் எடுங்கன்னுட்டேன். பெரிய டாக்டர் எழுந்து வந்து கை குடுத்தாரு."

பெரிய டாக்டர் கை கொடுக்காமல் என்ன செய்வார்? அவருக்கு மாநாடு ஒன்று காத்திருந்தது. ஐந்து பேரின் கதையோடு போனால் மேடையின் ஓரத்தில்கூட நிற்கவிட மாட்டார்கள். ஏதோ கணக்கெல்லாம் போட்டு இருநூற்று நாற்பது என்று முடிவு செய்தார். நர்ஸ் தடுத்துப் பேசியபோது, "நோயாளிகள் தரப்பே பெரிய எண்ணிக்கையைத்தானே கேக்குது" என்று எங்கள் வீட்டு வக்கீலைக் காட்டினாராம். அதையும் இவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"உனக்காகத்தான் பேசினேன். இருநூத்தி நாப்பதுல நீ கட்டாயம் உண்டு."

இருநூற்று நாற்பது பேர் என்றால் சும்மாவா? மேலிடத்து அனுமதி வேண்டும். கூடுதலாக நர்ஸுகள் வேண்டும். அதைவிட முக்கியம், இப்போது எல்லோருடைய கால்களும் எப்படி இருக்கின்றன என்று முதலில் அளவெடுக்க வேண்டும். அளவெடுத்து முடியும்வரை கிளினிக்கில் யாருக்கும் புதிதாக எதையும் சொல்லக்கூடாது. சொன்னால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுமாம். கோப்பு ஆமை வேகத்தில் நகர்ந்தது. இவர் மட்டும் கூட்டம் தவறாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு போய்வந்தார்.

நானும் காத்திருந்தேன். கிளினிக்கில் பார்க்கும்போதெல்லாம் அந்த நர்ஸ் என் கால்களைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வாள். எப்போது தொடங்கும் என்று கேட்டால், "வந்துடும் அக்கா" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எவனோ ஒரு சர்வரின் கோட்டிலிருந்து பொத்தான் தெறித்து என் ரப்பர் ஷூவுக்குள் விழுந்தது. காலையில் ஷூவை மாட்டியவள் சாயங்காலம்வரை அதை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மறுநாளும் அப்படியேதான் மாட்டினேன். வலித்தால்தானே தெரியும். நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். முதலில் இரண்டு விரல்கள் என்றார்கள். பிறகு கணுக்கால் என்றார்கள். இடது பாதம் போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க நர்ஸ் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்காராமல் தலைமாட்டில் வந்து நின்றாள். இவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"ஷூவை மாட்டறதுக்கு முன்னால கவுத்து உதறலையா அக்கா?"

"அப்படிச் செய்யணும்னு எனக்கு யார் சொன்னாங்க?"

அவள் இவரைப் பார்த்தாள். "அண்ணே, முதல் கூட்டத்துல செஞ்சே காட்டினேனே. ஷூவைக் கவுத்து உதறணும், உள்ள கைவிட்டுப் பாக்கணும், ராத்திரி கண்ணாடியைக் கீழே வெச்சு உள்ளங்காலைப் பாக்கணும்னு. கிளினிக்ல வாயைத் திறக்க எனக்கு உத்தரவில்லை. வீட்டுல நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இவர் தலை குனிந்துகொண்டார். அன்று இரவு சொன்ன கதையில் ஐந்து இருந்தது, இருநூற்று நாற்பது இருந்தது, டாக்டர் கை கொடுத்தது இருந்தது. ஷூ மட்டும் இல்லை. எங்கள் குளியலறைச் சுவரிலேயே ஒரு கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்காக ஊரையே சேர்த்துக்கொள்ளச் சண்டை போட்ட மனுஷனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

திட்டம் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே கால் எடுத்தவர்களைச் சேர்க்க மாட்டார்களாம், கணக்கு கெட்டுவிடுமாம். ஆக, அந்த இருநூற்று நாற்பதில் நான் இல்லை. பெரிய டாக்டர் இவருக்கு ஆள் அனுப்பினார். மாநாட்டு மேடையில் நோயாளிகள் தரப்பில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம், இவர்தான் நன்றாகப் பேசுகிறாராம். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் அந்தக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் மண்டியிடுகிறார். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று டார்ச் அடித்து வெகுநேரம் பார்க்கிறார்.

"இருக்கறது ஒண்ணுதானே, அதைப் பாக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்பேன். வேண்டுமென்றேதான் கேட்கிறேன். தினமும் கேட்கிறேன்.

வக்கீல் வாயைத் திறப்பதில்லை.