உள்ளங்கை அரிப்பு

தேன்மொழிக்கு எட்டாம் மாதம். சித்தூர் மாங்கூழ் ஆலையில் பழத்தின் காம்பு நறுக்கும் வேலையை விட்டுப் பத்து நாளாகியும் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் அரிப்பு அடங்கவில்லை. தடிப்போ கொப்புளமோ கிடையாது. தோலுக்கு அடியில் ஓயாத குடைச்சல் மட்டும். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது.

“மாங்கா பாலு பட்டுக்கினா அப்பிடித்தான். நானும் துன்னாம தூங்காம சொறிஞ்சிக்கினு கெடந்தவதான்,” என்றாள் மாமியார் ஜெயம்மா. அதே ஆலையில் பதினைந்து பருவம் காம்பு நறுக்கியவள். இரு வேளையும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, மருமகளின் முகம், கை, காலெல்லாம் அக்கறையோடு பூசிவந்தாள்.

“பாலு கையில படும், அத்த. காலுக்கு எப்பிடி வந்துது?”

“பழத்த மிதிச்சிருப்ப.”

“செருப்பு போட்டுக்கினுதான வேல செஞ்சேன்.”

ஜெயம்மா இன்னும் கொஞ்சம் மஞ்சள் குழைத்தாள்.

புதன்கிழமை காலை முதல் பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தேன்மொழிக்குப் பட்டது. தடாவில் கம்பெனி வேலையிலிருந்த கணவன் கிரண்குமாருக்குப் போன் செய்தாள். லீவு கிடைத்ததும் வந்து டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னான். அதற்குமேல் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டாள். முணுமுணுத்தபடியே ஜெயம்மாவும் ஏறினாள்.

“எக்கடம்மா? எங்க அரிக்குது?” என்று கேட்ட பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் தாட்சாயணி, அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மொதல்ல கழுவிக்கினு வா. இவ்ளோ மஞ்ச பூசிக்கினா நான் இன்னாத்த பாக்கறது?”

தேன்மொழி மூன்று முறை சோப்புப் போட்டாள். நீர் தெளிவாக ஓடிய பிறகும் கைகளின் நிறம் மாறவில்லை. தாட்சாயணி அவளுடைய கீழிமையை இறக்கிப் பார்த்தார். விழி வெள்ளையும் மஞ்சளித்திருந்தது.

டாக்டர் அதிராமல் சொன்னார்: “மாங்கா பால் இல்லம்மா. கர்ப்பத்துல சிலருக்குக் கல்லீரல்ல பித்தம் தேங்கி ரத்தத்துல கலந்துடும். உங்களுக்கு அரிப்பு, ஆபத்து குழந்தைக்கு. இங்கயே இருங்க. ரத்த ரிப்போர்ட் வரட்டும். தேவைப்பட்டா முன்னாடியே பிரசவம் பாத்துடலாம்.”

வயிற்றில் வைத்த கருவியில் துடிப்பு கேட்டது. “இப்ப நல்லா இருக்குது. தினமும் பாக்கணும்,” என்றார் தாட்சாயணி.

ஜெயம்மா போனை வாங்கி மகனை அழைத்தாள். “லீவு கீவு கேக்காத. இன்னைக்கே வா, நைனா. நாந்தான் மஞ்சள பூசிப் பூசி மூடி வெச்சிட்டேன்.”

தேன்மொழி ஒரு கையைக் கட்டிலின் இரும்பு விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறு கை, அடுத்த அசைவுக்காக வயிற்றின்மேல் காத்திருந்தது.