நுண்ணோக்கியில் ஒரு வானம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகள், தன் உதட்டில் களிம்பு தடவிக்கொண்டிருந்த அப்பாவின் விரலைத் தள்ளிவிட்டாள்.

“போதும்ப்பா. பிசுபிசுன்னு இருக்கு.”

“வெடிச்சிருக்குடி. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பொறுத்துக்கறது நான்தானே, நீயா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். பத்து வயது. இன்று ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை என்று காலையில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் தம்பி சின்னவனைக் கூட்டிவர மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவன் பேருந்து ஓட்டுகிறவன். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் பதறாமல் உட்கார்ந்திருப்பான். இந்த நாற்காலியில் அது முடியவில்லை.

போன வருடம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் கழுத்தில் கட்டி வந்தது. சின்னவனுடையது நெல்லிக்காய் அளவு, கல் மாதிரி. இவளுடையது தொட்டால்தான் தெரியும். எல்லாரும் சின்னவனுக்காகத்தான் பயந்தார்கள். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். வக்கீலம்மாகூட வாதாடாமல் தன் சைக்கிளை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். இரண்டு கழுத்திலிருந்தும் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

“பையனுக்கு ஒண்ணுமில்ல. கிருமியோட சண்டை போட்டு வீங்கின நெறிக்கட்டி. தானா வத்திடும்” என்றார் டாக்டரம்மா.

அவன் சின்னவனை வாரியெடுத்து முத்தமிட்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் நிமிரும்வரை காத்திருந்து அடுத்த தாளை எடுத்தார்.

மகளுக்கு வந்திருந்தது நிணநீர்ப் புற்று.

சிகிச்சைக்கு நடுவே குடும்பத்தில் எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். புற்று வந்த பிள்ளைகளின் மரபணுக்களையும் வெறும் நெறிக்கட்டி வந்த பிள்ளைகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி. முடிவு வந்த அன்று வக்கீலம்மா டாக்டரம்மாவை விடவில்லை.

“மரபணுன்னா என்ன?”

“உன்னை எப்படிச் செய்யணும்னு உனக்குள்ளயே எழுதி வெச்சிருக்கு. முந்நூறு கோடி எழுத்து.”

“அதுல எனக்கு எழுத்துப் பிழையா?”

“பிழைன்னு சொல்லிட முடியாதும்மா. எல்லாருக்குமே அங்கங்க ஓர் எழுத்து மாறியிருக்கும். உனக்கு மாறின ஓர் இடம் தம்பிக்கும் அப்படியே மாறியிருக்கு. அப்பாகிட்டேர்ந்து வந்தது.”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா நல்லாத்தானே இருக்காரு? தம்பியும் நல்லாருக்கான். அப்ப அது மட்டும் காரணம் இல்லல்ல?”

“இல்ல.”

“வேற என்ன?”

“தெரியலம்மா. அதத்தான் தேடிட்டிருக்கோம்.”

“உங்களுக்கே தெரியாதா!” அவள் கண்கள் விரிந்தன. பூட்டியிருந்த பெரிய வீடொன்றின் வாசலில் நிற்பவள்போல முகம் மலர்ந்தது.

டாக்டரம்மா அவளை நுண்ணோக்கி இருந்த அறைக்கு அழைத்துப்போனார். முதலில் தம்பியின் சதை. வேலி கட்டிய தோட்டங்கள்போல வட்ட வட்டமாக, ஒழுங்காக இருந்தது. அடுத்தது அவளுடையது. அவள் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

“அப்பா, வானம்ப்பா.”

அவனும் குனிந்து பார்த்தான். கருநீல அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவற்றின் நடுவே அங்கங்கே வெளிறிய புள்ளிகள். மருத்துவர்களும் அதை விண்மீன் வானம் என்றுதான் சொல்வார்களாம்.

“அந்த வெள்ளையெல்லாம் யாரு?”

“செத்த அணுவையெல்லாம் தின்னு சுத்தம் பண்றவங்க. உன் ஆளுங்க.”

“இவ்ளோ கூட்டத்துலயுமா வேலை பாக்கறாங்க!”

மொட்டைத் தலையோடு அவள் மறுபடி குனிந்தாள். தன்னை விட வெகு பெரிய ஒருவர் முன்னால் நிற்பதுபோல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

இப்போது கதவு திறந்தது. சின்னவன் ஓடிவந்து ஷூவோடு கட்டிலில் ஏறினான். அவனை யாரும் அதட்டவில்லை. அவள் கையைத் தூக்க முயன்றாள். அப்பா அதைப் பிடித்துத் தம்பியின் கழுத்தில் வைத்தான்.

“வத்திடுச்சாடா?”

“எப்பவோ.”

“சமத்து.”

அதன்பின் அவள் பேசவில்லை. நர்ஸ் சின்னவனை வெளியே அழைத்துப்போனாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மனைவி பிள்ளையின் பாதங்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. அடுத்த மூச்சுக்காக அவன் காத்திருந்தான். நர்ஸ் திரும்பி வந்து தோளைத் தொட்டபோதுதான் அது வரப்போவதில்லை என்று புரிந்தது.

மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “சின்னவன் தனியா இருக்கான். போய்ப் பாருங்க.”

நடைவழி பெஞ்சில் சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைக் கண்டதும் மற்ற கையை விரித்தான். உள்ளங்கையில் ஒரு பால் பல்.

“தானா விழுந்துருச்சுப்பா. வலிக்கவேயில்ல. அக்காகிட்ட காட்டட்டுமா?”

அவன் தரையில் மண்டியிட்டான்.

“ஆ காட்டு.”

ஈறில் ஒரு பொட்டு ரத்தம். அதற்குக் கீழே, ரம்பத்தின் விளிம்புபோல நுணுக்கமான முனைகளோடு, வெள்ளையாகப் புதுப் பல் எட்டிப் பார்த்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சின்னவன் வாயை மூடாமல் அண்ணாந்து உட்கார்ந்திருந்தான்.