பொம்பளை வார்டு

காலையிலிருந்து நாலாவது தடவையாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து ஊக்கைக் குத்திக்கொண்டாள் சின்னப்பிள்ளை. வைகாசிப் புழுக்கம். மருமகள் தேவிப்ரியாவுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"புழுங்கலையா அத்தை? எடுத்துருங்க."

"அங்கிட்டு ஆம்பளை இருமுறது எனக்குக் கேக்காதாக்கும்?"

"தண்ணிக் கேன் போட வந்தவரு அத்தை."

"மூணு நாளாவா போடுறாரு?"

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஓர் ஆண் நோயாளி. பெண்கள் வார்டில் இடமில்லை. 'பொம்பளை வார்டுன்னாத்தான் வாரேன்' என்று திருவரங்குளத்தில் ஆட்டோ ஏற மறுத்தவளிடம் ஆமாமென்று தலையாட்டிக் கூட்டி வந்தது தேவிப்ரியாதான். வயிற்றிலிருந்த புற்றை அல்சர் என்று சொல்லிவைத்ததோ மொத்தக் குடும்பமும்.

ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் ஷர்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள் சின்னப்பிள்ளை. "நீ சொல்லு தாயி. அங்கிட்டு யாரு?"

தேவிப்ரியா வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். ஷர்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆம்பளை பேஷண்ட்தாம்மா. மொதல்லயே சொல்லியிருக்கணும், எங்க தப்புதான். பதினோரு மணிக்குப் பொம்பளை வார்டுல ஒரு பெட் காலியாகுது. மாத்திரவா?"

"மாத்து." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "அப்ப அல்சருங்கிறதும் கேன் போட்ட கதைதானா?"

ஷர்லி தேவிப்ரியாவைப் பார்த்தாள். தேவிப்ரியாவுக்கு இதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"கேன்சரு அத்தை. ரொம்ப நாள் இல்லைன்னுட்டாரு டாக்டரு."

சின்னப்பிள்ளை மருமகள் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

"அப்புறம் எதுக்குடி ரெண்டு மாசமா ஒறப்பில்லாம மோர்ச்சோறு போட்ட? கருவாட்டுக் கொழம்பு வச்சு எடுத்தாரச் சொல்லு."

பெண்கள் வார்டில் படுத்ததுமே அவள் ஊக்கைக் கழற்றி தேவிப்ரியாவிடம் கொடுத்துவிட்டுப் போர்வையை இடுப்புக்குத் தள்ளினாள். தேவிப்ரியா ஊக்கைத் தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். சின்னப்பிள்ளையின் மகன் வெற்றிசெல்வன் வாசலோடு நின்று குழம்புத் தூக்குவாளியை நீட்டினான். அவளுக்கு ரெண்டு கரண்டிதான் இறங்கியது, ஆனாலும் விரலைச் சப்பினாள். பக்கத்துக் கட்டில் பிரகதீஸ்வரியோடு அடுத்த ரெண்டு நாளும் ஓயாத பேச்சு. மாமியார் இப்படிச் சிரிப்பாளென்று தேவிப்ரியாவுக்கு அதுவரை தெரியாது. உண்மையை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், பிரகதீஸ்வரி சொன்ன ஏதோ ஒன்றுக்கு 'உம்' கொட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே அடங்கிப்போனாள்.

வீட்டு முற்றத்தில் குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் சேலைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். வெளியே வாசல் நிறைய ஆண்கள். இரண்டு சேலை சேரும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது.

தேவிப்ரியா சங்கிலியிலிருந்து அந்த ஊக்கைக் கழற்றி, இரண்டு முந்தானையையும் சேர்த்துக் குத்தினாள். பிறகு முதல் சொம்புத் தண்ணீரை மொண்டாள்.